அமெரிக்க நாவலில் ஒரு நல்லவனைக் காட்டுங்கள்

ஜூன் 2 – இணைய இழையில் ஒருவர் கேட்ட கேள்வி

நவீன அமெரிக்க நாவலில் நாயகன் என்று யாரும் கிடையாது, இருப்பவர்கள் எல்லாம் எதிர்நாயகர்கள் என்பது என் கட்சி. குடிகாரன், பொய்யன், கொலைகாரன், பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடுகிறவன். படித்து முடித்ததும் கை கழுவத் தோன்றுகிறது. நடுவில் ஒரு நல்ல மனிதனை வைத்து இவர்கள் கடைசியாக எழுதியது எப்போது? மறுப்பவர்கள் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்.

ஜூன் 2, இரவு 10.40 – என் பதில்

ஒரு பெயர்தானே? அட்டிகஸ் ஃபிஞ்ச். ஹார்ப்பர் லீ 1960இல் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பர்ட்'. அலபாமாவில் மேகோம் என்ற கற்பனை ஊர். செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிக்காக வாதாடும் வெள்ளை வக்கீல். 2003இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் திரை நாயகர்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் அவருக்குத்தான். இழை முடிந்தது. தூங்கப் போகிறேன்.

ஜூன் 3, காலை

தூங்கவில்லை. நேற்றுப் போட்ட பெயரை நானே திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் போல. அது தனிக் கதை, அப்புறம் வருகிறேன்.

ராத்திரி ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் நாயகர்கள்: 'தி கிரேட் கேட்ஸ்பி'யின் கேட்ஸ்பி, அட்டிகஸ், 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' நாவலின் மெக்மர்ஃபி. வலது பக்கம் மற்றவர்கள்: 'தி கேட்சர் இன் தி ரை'யின் ஹோல்டன் கால்ஃபீல்ட், 'லோலிடா'வின் ஹம்பர்ட் ஹம்பர்ட். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது பக்கத்தில் ஒருவர்கூடத் தன் கதையைத் தானே சொல்லவில்லை! கேட்ஸ்பிக்குப் பக்கத்து வீட்டு நிக், அட்டிகஸுக்கு மகள் ஸ்கவுட், மெக்மர்ஃபிக்கு பேச்சு வராதவர்போல நடிக்கும் சக நோயாளி ப்ராம்டன். வலது பக்கத்து ஆட்கள் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள்.

ஆகவே என் கட்சி இது. குணத்தை வைத்து யாரும் நாயகனாவதில்லை. பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆள் கிடைத்தவன் நாயகன், கிடைக்காதவன் எதிர்நாயகன். மெக்மர்ஃபியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறை வேலைக்குப் பயந்து பைத்தியம்போல நடித்து மருத்துவமனைக்கு வந்தவன். சூதாடி. அவன்மேல் இருக்கும் வழக்கைக் கேட்டால் எந்த வீட்டிலும் திண்ணையில்கூட உட்கார விடமாட்டார்கள். ப்ராம்டன் கண்ணில் அவன் மலை.

ஜூன் 3, மதியம்

கேட்ஸ்பியைப் பற்றி விரிவாகச் சொல்லச் சொல்கிறார் ஒருவர்.

பி.ஏ. இரண்டாம் வருடம் பாடமாகப் படித்தேன். நோட்ஸில் 'கேட்ஸ்பி ஒரு துன்பியல் நாயகன்' என்று போட்டு அதன்கீழ் ஐந்து காரணம் இருந்தது. ஐந்தையும் எழுதி மார்க் வாங்கினேன். இருபது வருடம் கழித்து யாரும் கேள்வி கேட்காத நிலையில் படித்தபோதுதான் ஆளைச் சரியாகப் பார்த்தேன். கள்ளச்சாராயக் காசு. திருட்டுப் பத்திர வியாபாரம். பெயரே சொந்தப் பெயர் கிடையாது. வடக்கு டகோட்டாவில் ஒன்றுக்கும் வழியில்லாத விவசாயி வீட்டில் பிறந்த ஜேம்ஸ் கேட்ஸ், 17 வயதில் ஒரு பணக்காரரின் உல்லாசப் படகைப் பார்த்த அன்றே ஜே கேட்ஸ்பி ஆகிவிட்டான். இன்னொருவன் மனைவி வசிக்கும் கரைக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கி, அவள் வீட்டுப் படகுத்துறையின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தமிழ்ப் படமாக இருந்தால் இடைவேளைக்கு முன்பே அடி வாங்கியிருப்பான்.

அவன் பக்கம் நம்மை இழுத்துப்போவது நிக் கேரவே. தனக்கு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அவன் போக்கு பிடிக்கவே இல்லை என்கிறான் நிக். அதே பக்கத்தில்தான், அந்தக் கும்பல் மொத்தத்தையும் சேர்த்தாலும் உனக்கு ஈடாகாது என்று புல்வெளிக்கு அந்தப்பக்கமிருந்து கத்திவிட்டுப் போகிறான். பிறகு சாவுக்கு ஆள் சேர்க்க அலைகிறவனும் அவன்தான்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. சாவுக்கு வந்த அப்பா, மகன் சிறுவனாக இருந்தபோது வைத்திருந்த ஒரு கௌபாய்க் கதைப் புத்தகத்தைக் காட்டுகிறார். பின் அட்டைக்குள் பையன் தினசரி அட்டவணை எழுதி வைத்திருக்கிறான். காலை 6 மணிக்கு எழ வேண்டும், வாரம் ஒரு நல்ல புத்தகம் படிக்க வேண்டும், இப்படி. அதில் வாரம் 5 டாலர் சேமிக்க வேண்டும் என்று எழுதி, 5ஐ அடித்துவிட்டு 3 என்று திருத்தியிருக்கிறான். நான் முப்பது வருடம் அச்சகத்திலும் பதிப்பகத்திலும் புரூஃப் பார்த்தவள். அடித்துத் திருத்திய எழுத்தைப் பார்த்தால் கை நின்றுவிடும். அந்த 3இல் தெரிகிற பையனை அத்தனை மாளிகையிலும் நான் பார்க்கவில்லை.

ஜூன் 3, மாலை

விட்டுப்போனது: 1925இல் வந்தபோது அந்தப் புத்தகம் சரியாகப் போகவில்லை. அதை எழுதிய ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940இல் இறந்தபோது இரண்டாம் அச்சின் பிரதிகளே கிடங்கில் மிச்சம் கிடந்தன. அப்புறம் இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்களின் சட்டைப்பைக்கு ஏற்ற சின்ன அளவில் ஒரு லட்சத்துக்கும் மேல் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். கேட்ஸ்பியும் ஒரு போர்ச் சிப்பாய்தான். பக்கத்தில் நிற்க ஆள் கிடைத்தது அவனுக்கு அப்படித்தான்.

ஜூன் 5

ஹோல்டனை வலது பக்கம் போட்டதற்கு இவ்வளவு கோபமா!

சரி, ஹோல்டன். 'தி கேட்சர் இன் தி ரை', 1951. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட 16 வயதுப் பையன், நியூயார்க்கில் சுற்றியபடி பார்க்கிறவரையெல்லாம் போலி என்கிறான். முதன்முதலாகப் படித்தபோது எனக்கு 19. என்னைத் தவிர எல்லாரும் போலி என்று நானும் நினைத்த வயது என்பதால் அவனை அப்படியே தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். 45 வயதில் படித்தபோது, இந்தப் பையனுக்கு யாராவது ஒரு வாய் சாப்பாடு போட்டுப் படுக்க வைக்கக்கூடாதா என்று இருந்தது. தம்பி அல்லி ரத்தப் புற்றுநோயில் செத்த இரவில் கராஜ் கண்ணாடிகளையெல்லாம் கையால் குத்தி உடைத்தவன் அவன். அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான். 19இல் நானும் அவனோடு சேர்ந்து போய்விட்டேன்.

புரூஃப்காரிக்கு ஒரு தீனியும் உண்டு. அந்தத் தலைப்பே தப்பு. ராபர்ட் பர்ன்ஸ் பாட்டில் 'சந்தித்தால்' என்று இருப்பதை ஹோல்டன் 'பிடித்தால்' என்று கேட்டிருக்கிறான். பத்து வயதுத் தங்கை ஃபீபி, அது அப்படி இல்லை என்று திருத்துகிறாள். உனக்குப் பிடித்த ஒன்றே ஒன்று சொல்லு என்று அவனை மடக்குகிறவளும் அவள்தான். பக்கத்தில் நிற்க ஃபீபி இருக்கிறாளே, அப்புறம் எப்படி அவன் எதிர்நாயகன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவன் பெயரைப் பட்டியலின் நடுவில் எழுதிக்கொள்கிறேன்.

ஹம்பர்ட் நடுவுக்கெல்லாம் வரமாட்டான். தனக்குத் தானே வக்கீல் அவன், ஜூரிகளே என்று நம்மையே விளிக்கிறான். அவன் சீரழித்த சிறுமியின் உண்மைப் பெயர் டோலரஸ். அவன் கொடுத்த செல்லப்பெயர்தான் அட்டையில் நிற்கிறது. இதற்கு மேல் அவனுக்கு இடம் தர விருப்பமில்லை.

ஜூன் 6

அடி விழுந்தது. "அப்படியானால் துப்பறிவாளன் ஃபிலிப் மார்லோ? அவன் தன் கதையைத் தானே சொல்கிறான், நாயகனும் கூட. மார்க் ட்வெய்னின் ஹக் ஃபின்? அவனும் அப்படித்தானே?" இதை எழுதியவர் வயதில் சின்னவர்போலத் தெரிகிறது. தம்பி, நல்ல கேள்வி. இரண்டு நாள் கொடுங்கள்.

ஜூன் 8

ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய மார்லோ நாவல் 'தி பிக் ஸ்லீப்' மறுபடி படித்தேன், 1939. மார்லோ பணக்காரர் மாளிகைக்குள் நுழைந்ததும் வாசல் மேலே வண்ணக் கண்ணாடி ஓவியம் ஒன்றைப் பார்க்கிறான். மரத்தில் கட்டிப் போட்ட பெண்ணைக் கவசம் போட்ட வீரன் விடுவிக்கப் பார்க்கிறான், முடிச்சு அவிழ்ந்தபாடில்லை. இந்த வீட்டில் குடியிருந்தால் என்றாவது நானே ஏறி அவனுக்கு உதவ வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறான். பிற்பாடு தனியாகச் சதுரங்கம் ஆடும்போது குதிரையை நகர்த்திவிட்டு, இந்த ஆட்டத்தில் வீரனுக்கு வேலையில்லை என்று பின்வாங்குகிறான். அந்த ஆட்டத்தில் குதிரைக்கு அவர்கள் மொழியில் வீரன் என்றே பெயர். தன்னையே கேலி செய்தபடி நல்லவனாக இருக்கிறான் மார்லோ.

ஹக்கும் அப்படியே. தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போடும்போது, நல்ல காரியம் செய்ததாக அவன் நினைக்கவில்லை. நரகத்துக்குப் போகத் துணிந்துவிட்டதாகவே நினைக்கிறான்.

எனவே என் கட்சிக்கு ஒரு திருத்தம் போடுகிறேன்: தன் கதையைத் தானே சொல்கிறவனும் நாயகனாகலாம், தன்னைக் கொஞ்சம் மட்டமாக நினைக்கத் தெரிந்தால்.

ஜூன் 8, பத்து நிமிடம் கழித்து

அதே நாவலில் ஒரு கார் டிரைவர் சாகிறான். படம் எடுத்தபோது, அவனைக் கொன்றது யார் என்று சாண்ட்லரிடமே கேட்டார்களாம், அவருக்கும் தெரியவில்லையாம். நான் புரூஃப் பார்த்திருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன்!

ஜூன் 11

எதிர்நாயகன் என்றால் வில்லன் என்று நினைத்துப் பாதிப் பேர் எழுதுகிறீர்கள். வில்லன் ஜெயித்துவிடுவானோ என்று பயப்படுவோம். எதிர்நாயகன் மாட்டிக்கொள்வானோ என்று பயப்படுவோம். இந்த வேறுபாடு எனக்குப் புரிந்தது ஒரு ராத்திரியில்.

பாட்ரிசியா ஹைஸ்மித்தின் 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி', 1955. டாம் ரிப்ளி, சான் ரெமோவில் வாடகைப் படகில் வைத்து நண்பன் டிக்கியைத் துடுப்பால் அடித்துக் கொன்று, அவன் உடுப்பு, கையெழுத்து, பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான். நான் இதைப் படித்தது கணவர் ஊருக்குப் போயிருந்த ஒரு மழை ராத்திரியில். டிக்கியின் மோதிரங்களை அவன் தோழி மார்ஜ் கண்டுபிடிக்கும் இடம் வந்தது. அவளையும் முடித்துவிட ரிப்ளி கையில் ஷூவோடு நிற்கிறான். அவள் தானாகவே தப்பான ஒரு முடிவுக்கு வந்து பிழைக்கிறாள். எனக்கு 'அப்பாடா' என்று இருந்தது. யாருக்காக அப்பாடா? மார்ஜ் பிழைத்ததற்கு இல்லை, அவன் பிழைத்ததற்கு. எழுந்து போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். வெளியிலிருந்து யாரும் வந்துவிடுவார்கள் என்று பயந்தேனா, வேறெதற்காகவா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அந்த நாவலில் ரிப்ளியைப் பக்கத்தில் நின்று சரியாகப் பார்க்கும் ஆள் ஒருவர்கூடக் கிடையாது. டிக்கியின் அப்பாவே கடைசியில், போலி உயிலை நம்பிச் சொத்தைக் கொடுத்துவிடுகிறார். அந்த இடத்தில் நம்மைத்தான் நிறுத்தியிருக்கிறார் ஹைஸ்மித்.

ஜூன் 12

துப்பறிவாளன் சாம் ஸ்பேடை மறந்தே போனேன். டாஷியல் ஹாமெட், 'தி மால்டீஸ் ஃபால்கன்', 1930. ஹாமெட் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அவருக்கு வெளியிலிருந்து ஆளை நோட்டம் விடத்தான் தெரியும். ஸ்பேட் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட எழுதமாட்டார். சிகரெட் சுருட்டினான், கண் மஞ்சளாயிற்று, அவ்வளவுதான். கூட்டாளியின் மனைவியோடு தொடர்பு, கூட்டாளி செத்த மறுநாளே பலகையில் அவன் பெயரை மாற்றச் சொல்கிறான். காதலிப்பதாகச் சொன்ன பெண்ணை, அவள்தான் கொலைகாரி என்று தெரிந்ததும் போலீசிடம் ஒப்படைக்கிறான். நாயகனா, இல்லையா? கடைசிப் பக்கத்தில் அலுவலகப் பெண் எஃபி, நீ செய்தது சரிதான், தெரியும், ஆனால் இப்போது என்னைத் தொடாதே என்று விலகிக்கொள்கிறாள். அந்த விலகல் போதும் எனக்கு.

ஜூன் 13

'கேட்ச்-22' நாவலில் வரும் குண்டுவீச்சு விமானக்காரன் யோசாரியன் கோழையா வீரனா என்று மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கர்னல், ஆட்கள் பறக்க வேண்டிய கணக்கை ஏற்றிக்கொண்டே போகிறான், இவன் தப்பிக்க வழி தேடிக்கொண்டே போகிறான். எழுதிய ஹெல்லரே 60 முறை குண்டுவீச்சு விமானத்தில் போய் வந்தவர். கோழை என்று நான் சொல்ல மாட்டேன், கோயில் திருவிழா ராட்டினத்தில்கூட நான் ஏறியதில்லை. 'கேட்ச்-22' முதலில் 'கேட்ச்-18' ஆக இருந்தது. அதே 1961இல் லியோன் யூரிஸ் நாவல் 18 என்ற எண்ணோடு வந்ததால் மாற்றினார்கள். தலைப்பில் எண் மாறினால் உள்ளே எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும் என்று அந்தப் புரூஃப்காரரை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

ஜூன் 17

'நேட்டிவ் சன்' பற்றிக் கேட்டவருக்கு. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், லேசில் எழுத வராது.

ரிச்சர்ட் ரைட், 1940. சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒற்றை அறை வீடு, அலாரம் அடிக்கிறது, ஒரு எலியை அடித்துக் கொல்கிறான் 20 வயது பிக்கர் தாமஸ். நாவல் முழுக்க அந்த எலியும் அவனும் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளைக்காரர் வீட்டில் டிரைவர் வேலை. போதையில் கிடக்கும் முதலாளி மகளை அவள் அறையில் கொண்டுபோய் விடுகிறான், பார்வையில்லாத தாய் உள்ளே வருகிறாள். அந்த அறையில் தன்னைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் பெண்ணின் முகத்தில் தலையணையை அழுத்துகிறான். அவள் செத்துப்போகிறாள். உடலை உலையில் போட்டு எரிக்கிறான். இதற்கு மேல் அவன் செய்வதை மன்னிக்கவே முடியாது. தன் காதலி பெஸ்ஸியைக் கொல்வது விபத்துகூட இல்லை.

நாயகன் என்று சொல்ல நாக்கு வராது. எதிர்நாயகன் என்றால் ஏதோ ஸ்டைலாக சிகரெட் பிடிக்கிறவன்போல இருக்கிறது, அதுவும் பொருந்தாது. ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் எழுதிய கட்டுரை இந்த நாவலைக் கடுமையாகச் சாடியது. வெள்ளையர்கள் தன்னைப் பற்றி நினைப்பதைத் தானும் ஒப்புக்கொண்டவனே பிக்கர், அவனிடம் முழு மனிதன் எங்கே என்பது அவர் சண்டை. பால்ட்வின் சொல்வது நியாயம் என்றே படிக்கிற நேரத்தில் தோன்றும். புத்தகத்துக்குத் திரும்பினால் எலி வந்துவிடும்.

என் கட்சியை இங்கே வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நிற்பவர் வக்கீல் மேக்ஸ். நீதிமன்றத்தில் பக்கம் பக்கமாகப் பேசி அவனைப் புரியவைக்கிறார். கடைசியில் சிறையில் பிக்கர் தன் வாயால், எதற்காகக் கொன்றேனோ அதுதான் நான் என்கிற தொனியில் பேசியதும், மேக்ஸ் கண்ணில் பீதி. தொப்பியைத் தடவித் தேடி எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், பார்வையில்லாதவர்போல. அவனுக்காக அத்தனை பேசியவராலேயே அவனைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

புத்தகக் கழகம் ஒன்று இதை மாதத் தேர்வாக எடுக்கும்போது சில பகுதிகளை மாற்றச் சொன்னது, ரைட் மாற்றினார். அவர் முதலில் எழுதியபடி 1991இல்தான் வந்தது. ஐம்பது வருடம் எல்லாரும் படித்தது வேறு புரூஃப்.

ஜூன் 20

"அக்கா, பெண்களே இல்லையா உங்கள் பட்டியலில்?" இல்லை. கவனிக்கவே இல்லை. நானே ஒரு பெண், நானே கவனிக்கவில்லை.

ஆலிவ் கிட்டரிட்ஜ். எலிசபெத் ஸ்ட்ரவுட், 2008. மெய்ன் மாநிலத்துக் கடலோரச் சிற்றூரில் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். 13 கதைகள், சிலவற்றில் அவள் ஓரமாக நடந்து போவதோடு சரி. மகன் கல்யாணத்தன்று, தன் உடுப்பை மருமகள் கிண்டலடிப்பதை ஒட்டுக்கேட்டுவிடுகிறாள். சத்தம் போடவில்லை. மருமகளின் அலமாரியைத் திறந்து ஒரு ஸ்வெட்டரில் கறுப்பு மார்க்கரால் கோடு இழுத்துவிட்டு, ஒரு பிராவையும் ஒற்றைச் செருப்பையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஒற்றை! ஜோடி காணாமல் போனால் திருட்டு. ஒற்றை போனால் அந்தப் பெண் ஆயுளுக்கும் தேடுவாள். மாமியார்க் கதை இத்தனை படித்திருக்கிறோமே, இந்த நுட்பம் எங்காவது உண்டா?

முதல் கதையைக் கணவர் ஹென்றியின் பக்கமிருந்து படித்தால் ஆலிவ் கொடுமைக்காரி. அடுத்த கதையில், சாகிற முடிவோடு ஊர் திரும்பிக் காரில் உட்கார்ந்திருக்கும் பழைய மாணவன் பக்கத்தில் இவள் அனுமதி கேட்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசியே அவனைப் பிடித்து வைக்கிறாள். பக்கத்தில் நிற்கும் ஆளை மாற்றிக்கொண்டே போகிறார் ஸ்ட்ரவுட். நான் மூன்று வாரமாக மூச்சுப் பிடித்துச் சொல்வதை அவர் செருப்பை வைத்தே சொல்லிவிட்டார்.

ஜூன் 20, இரவு

டோனி மாரிசனின் சேதா பற்றி ஒரு பத்தி மட்டும். 1856இல் கென்டக்கியிலிருந்து உறைந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து தப்பி, பிடிபடும் நேரத்தில் தன் குழந்தையை அடிமை வாழ்வுக்குத் திருப்பித் தராமல் கொன்ற மார்கரெட் கார்னர் உண்மையில் இருந்தவர். அதிலிருந்து 1987இல் 'பிலவ்ட்'. அந்த நாவலின் தாய் சேதா செய்ததும் அதுவே. அதைக் கேட்ட அவள் துணைவன் பால் டி, உனக்கு இரண்டு கால்தான், நான்கு கால் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். பிறகு திரும்பி வருகிறான். இந்த இழையின் இரண்டு சொற்களில் எதையும் அவளுக்குப் போட்டுப் பார்க்க மாட்டேன்.

ஜூன் 26

சரி, அட்டிகஸ்.

நீதிமன்றக் காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். வழக்கு தோற்றுவிட்டது. மாடத்தில் கறுப்பின மக்கள். அட்டிகஸ் கீழே தனியாக நடந்து வெளியேறும்போது மாடம் முழுக்க எழுந்து நிற்கிறது. ஸ்கவுட்டையும் எழுந்து நிற்கச் சொல்கிறார் பாதிரியார், உன் அப்பா போகிறார் என்று. அச்சகத்து மேசையிலேயே நான் அழுத பக்கம் அது.

2015இல் அதே லீயின் 'கோ செட் எ வாட்ச்மேன்' வந்தது. தொடர்ச்சி மாதிரி விற்றார்கள், ஆனால் 1957இலேயே எழுதிப் பதிப்பகத்தில் கொடுத்த கைப்பிரதி அது. பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப் அதைத் திரும்ப எழுதவைத்துத்தான் மாக்கிங்பர்ட் பிறந்தது. அதில் ஸ்கவுட்டுக்கு 26 வயது, நியூயார்க்கிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறாள். அப்பாவின் காகிதங்களுக்கு நடுவே கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு துண்டுப் புத்தகம். பின்னாலேயே போகிறாள். அதே நீதிமன்றம், அதே மாடம். கீழே வெள்ளையர் சங்கக் கூட்டத்தில் இனவெறிப் பேச்சாளனுக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். குழந்தைகளுக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்திருந்த பெற்றோர் சிலர் அப்போது பத்திரிகைகளில் புலம்பினார்கள்.

புரூஃப்காரியாக முதலில் எனக்குப் பட்டது, இரண்டு நூலும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது. இதில் அந்த வழக்கில் அட்டிகஸ் ஜெயித்துவிடுகிறார். ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். குறித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது, மாடத்தை நினைக்காமல் இருக்கத்தான் பிழை தேடுகிறேன் என்று.

என் அப்பா கிராமத்துப் பள்ளி வாத்தியார். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் காசில்லாமல் பாடம் நடக்கும். தேங்காய் பறிக்க வருகிறவரின் மகனும் அங்கேதான் என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னான். பஸ்ஸில் அப்பா ஏறினால் நாலு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். வேலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்து ஒரு விடுமுறையில் வந்திருந்தேன். அந்த மனிதர் மரம் ஏறி இறங்கித் தண்ணீர் கேட்டார். அப்பா கொல்லைப்புறச் சுவரின் மாடக்குழியில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியத் தம்ளரைக் காட்டினார். அவரே எடுத்தார், மேலேயிருந்து அம்மா ஊற்றினாள், குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்தார். அந்தத் தம்ளர் புதிதாக வந்ததில்லை. நான் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருந்தது. கண்ணாமூச்சி ஆடும்போது அந்தச் சுவரில்தான் முகத்தை வைத்து எண்ணுவேன்.

ஜூன் 27

நேற்று எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். பதில் போட்டுவிட்டீர்கள், இருக்கட்டும்.

அப்பாவிடம் கேட்டீர்களா என்று கேட்கிறார்கள். வாட்ச்மேனில் அந்தப் பெண் அப்பாவைக் கிழி கிழியென்று கிழிக்கிறாள், பிறகு சித்தப்பா ஒருவர் வந்து சமாதானம் பேசி நாவல் அவசரமாக முடிந்துவிடுகிறது. அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்று எப்போதும் சொல்வேன். நான் கேட்கவே இல்லை.

கட்சிக்குத் திரும்பினால்: அட்டிகஸ் மாறினாரா? ஸ்கவுட் மாடத்தில் எட்டு வயதில் நின்றாள், 26இல் நின்றாள். கீழே இருந்தது ஒரே ஆள். லீ எழுதிய வரிசைப்படி பார்த்தால் பெரியவளின் அப்பாதான் முதலில் வந்தவர், சின்னவளின் அப்பா பிறகு எழுதப்பட்டவர்.

ஜூலை 4

பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' முடித்தேன், 2024இல் வந்து 2025இல் புலிட்சர் பரிசு வாங்கியது. படிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போங்கள். ஹக் பார்த்துச் சொன்ன ஜிம், இங்கே தானே பேசுகிறான், தன் பெயரைத் தானே வைத்துக்கொள்கிறான். எழுதுவதற்காக அவனுக்கு ஒரு துண்டுப் பென்சில் திருடிக் கொடுத்தவன் அதற்காகவே கொல்லப்படுகிறான். ஹக் கண்ணில் யாருக்கும் தீங்கு நினைக்காத பெரிய மனிதனாக இருந்தவன், தன் வாயால் சொல்லும்போது கொலையும் செய்கிறான். எதிர்நாயகன் ஆகிவிட்டானா? அந்த மேற்பார்வையாளன் கழுத்தை அவன் நெரிக்கும்போது நான் தாழ்ப்பாளைச் சரிபார்க்கவில்லை. என் திருத்திய கட்சியும் இத்தோடு போயிற்று. இவன் தன்னை மட்டமாக நினைப்பதே இல்லை, நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூலை 9

கேள்வி கேட்டவர் ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறார். "இவ்வளவு எழுதினீர்கள், நல்லவன் ஒருவன் பெயர் இன்னும் வரவில்லை."

வில்லியம் ஸ்டோனர். ஜான் வில்லியம்ஸின் 'ஸ்டோனர்', 1965. மிசூரியில் விவசாயி மகன், வேளாண்மை படிக்கப் போனவன் இலக்கியத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே ஆசிரியராகி, பெரிதாக எதுவும் ஆகாமல் சாகிறான். முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவார்கள், அவரிடம் படித்தவர்களில் சிலருக்குத்தான் அவரைத் தெளிவாக நினைவிருக்கும் என்று. தகுதியில்லாத மாணவனைத் தேர்ச்சி பெறவைக்க மறுத்ததற்காகத் துறைத்தலைவர் வருடக்கணக்கில் அவருக்கு முதலாண்டு வகுப்புகளையும் உருப்படாத நேரங்களையும் ஒதுக்கிப் பழிவாங்குவார். ஒருநாள் அதே முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மத்தியகால இலக்கியத்தை நடத்த ஆரம்பித்துவிடுவார் ஸ்டோனர். அலுவலக அரசியல் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் எழுந்து கைதட்டுவார்கள்.

நாவல் வந்தபோது இரண்டாயிரம் பிரதி அளவுக்குத்தான் விற்றது. 2011இல் அன்னா கவால்டா பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகு ஐரோப்பா முழுக்க ஓடியது. சோகமான வாழ்க்கை என்று எல்லாரும் சொல்ல, ஸ்டோனர் உண்மையான நாயகன், நல்ல வாழ்க்கை வாழ்ந்தவர் என்று வில்லியம்ஸ் ஒரு பேட்டியில் சொன்னார். ஸ்டோனர் பக்கத்தில் நின்று பார்க்க நாவலில் யாருமே நிலைப்பதில்லை. என் கட்சிப்படி அவர் நாயகனாகவே முடியாது. கட்சியை வைத்துக்கொள்வதா ஸ்டோனரை வைத்துக்கொள்வதா என்றால், ஸ்டோனரை.

ஜூலை 10

திருத்தம்: ஜூன் 3 காலைக் குறிப்பில் சிறை என்று எழுதினேன். மெக்மர்ஃபி தப்பி வந்தது கைதிகளை வேலை வாங்கும் பண்ணையிலிருந்து.

ஜூலை 12

யாரோ தனியாகக் கேட்டிருந்தார்கள், பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்ளர், அப்பா இறந்து வீட்டை விற்றபோதும் மாடக்குழியில்தான் இருந்தது. பழைய பாத்திரக்காரர் வந்தார். பித்தளைக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை என்றார். தம்ளரை எடுத்துவந்து, எங்கள் இட்லிக் கொப்பரை, சோறு வடிக்கும் தட்டு, பால் குண்டான் எல்லாவற்றோடும் ஒரே சாக்கில் போட்டு நிறுத்தார். மூன்றே முக்கால் கிலோ.